அமுதாவை வண்டியில் உட்கார வைத்த பகல்

செய்யாத தப்பை ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியின் தலையில் கட்டினேன். அவள் பெயர் அமுதா. சின்ன வயசைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் சின்ன வயசைத்தான் எழுதுகிறார்கள். எண்பதைத் தாண்டிய எனக்கோ மனசில் வந்து நிற்பது அவளுடைய சின்ன வயசு, அதில் நான் கெடுத்த ஒரு பகல்.

2005ஆம் வருஷத்துக் கோடை. மரக்காணத்து உப்பளத்தில் மே மாத வெயில் பாத்தி நீரில் பட்டு முகத்தில் அடிக்கும். உதட்டை நக்கினால் கரிக்கும். கடல் பொங்கி ஊருக்குள் வந்துபோய் அரை வருஷம்கூட ஆகவில்லை. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் கார்த்தியைக் கரைப்பக்கம் அனுப்ப வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் புதுச்சேரிப் பக்கம் இருந்த ஒரு பெரிய தாவரவியல் தோட்டத்துக்கு அவனை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். என் பாத்திகளில் உப்பு வாரிய முனியம்மாவின் மகள்தான் அமுதா. விடுமுறை முழுக்க அவனோடு விளையாடியவள், அவனைப் பார்த்து என்னைத் "தாத்தா" என்றே கூப்பிடுவாள். அவளையும் ஏற்றிக்கொண்டோம். தோட்டத்துக்குள் குட்டி ரயில் ஓடுகிறது என்று கார்த்தி சொல்லியிருந்தான். கோட்டக்குப்பம் தாண்டும்வரை அவள் அந்த ரயிலைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள்: கூவுமா, டிக்கெட் உண்டா, ஜன்னலோரம் யாருக்கு.

எங்கள் பக்கத்தில் தென்னைக்கு உப்பு வைப்பது வழக்கம். கன்று நடும் குழியில் போடுவோம், வளர்ந்த மரத்தின் தூரைச் சுற்றியும் புதைப்போம். முதல் நாள்தான் கிணற்றடித் தென்னைக்கு வைத்துக்கொண்டிருந்தபோது கார்த்தி ஏன் என்று கேட்டான். "மரத்துக்கு இதான்டா சோறு" என்றேன். தாவரவியலில் பட்டம் வாங்கியவன் நான். எல்லா மரத்துக்கும் இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அங்கிருந்த தோட்டக்காரரோடு பேசினேன். அவர் மரத்தின் ஊர்ப்பெயரைச் சொல்வார், நான் லத்தீன் பெயரைச் சொல்வேன். அவர் வாய்க்கு வாய் "சார்" என்றது எனக்கு ருசித்தது. அவர் தண்ணீர்க் குழாயை மூடப் போன நேரத்தில்தான் அது நடந்தது. முனியம்மா மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள மகளிடம் ஒரு பொட்டலம் உப்பு கொடுத்தனுப்பியிருந்தாள். கம்பிக் கூண்டுக்குள் வாடி நின்ற ஒரு கன்றைப் பார்த்த கார்த்தி, அவளிடமிருந்து பொட்டலத்தை வாங்கித் தூரில் கொட்டினான். காகிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேரனுக்கு என்ன அக்கறை என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

தோட்டக்காரர் திரும்பி வந்து, வெள்ளையாகக் கிடந்ததைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். "எங்கிருந்தோ கொண்டாந்து காப்பாத்துற செடிங்க சார். யாரு பண்ண வேலை இது?" என்றார். கார்த்தி என் முதுகுக்குப் பின்னால் ஒண்டினான். காகிதம் அமுதாவின் கையில் இருந்தது.

"உப்பளத்துல வேலை செய்யிறவங்க பொண்ணு. அதுக்கு என்னா தெரியும், விட்டுடுங்க" என்றேன்.

அவர் விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை. சொன்னது உண்மை போலத் தெரிய வேண்டுமே. "நீ போய் வண்டியில உட்காரு" என்று அவளிடம் சொன்னேன். கார்த்தியை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள், போய்விட்டாள். நாங்கள் ரயிலில் சுற்றி வந்தோம். இன்று கார்த்தியைக் கேட்டால் அந்த ரயில் மட்டும்தான் அவனுக்கு நினைவிருக்கிறது.

மறுநாளிலிருந்து அவள் என்னை "மொதலாளி" என்று கூப்பிட்டாள்.

அடுத்த கோடையில், இதற்குமேல் தாங்காது என்று தோன்றிய ஒரு காலையில், பாத்தி வரப்பில் நின்று முனியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உப்பு வாருவதை நிறுத்தவில்லை.

"தெரியுங்க. 'நான் போடலம்மா'ன்னு அன்னிக்கே வந்து அழுதுச்சு. நான்தான் வாய மூடுடின்னு ரெண்டு வச்சேன். உங்க பாத்தியிலதானே வேலை செய்யிறோம்."

அமுதா அடி வாங்கியிருப்பாள் என்பது அந்த ஒரு வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. அன்று சாயங்காலம் அமுதாவிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "சரிங்க" என்றாள். பிறகு ஒரு நாள் தாயையும் மகளையும் அதே தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். அமுதா ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், எதையும் கேட்கவில்லை. இறங்கியதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தாள். அதே தோட்டக்காரர் இருந்தார். அவள் எதிரிலேயே, உப்பைக் கொட்டியது என் பேரன், பொய் சொன்னது நான் என்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. கீழே விழுந்திருந்த நாகலிங்கப் பூ ஒன்றை எடுத்து ஊதித் துடைத்து அவளிடம் நீட்டினார்.

அவள் கைகளைப் பிரிக்கவில்லை. "வேணாங்க. அப்புறம் நான்தான் பறிச்சேன்னு சொல்லுவாங்க" என்றாள்.

குழந்தை விளையாட்டாகச் சொல்கிறது என்று நினைத்து அவர் சிரித்தார். முனியம்மா வேறு பக்கம் பார்த்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்ததால் பூவை நான் வாங்கிக்கொண்டேன்.