ஆரோக்கியமேரியின் ஒரு கன மீட்டர்

ஆரோக்கியமேரிக்கு அவர் மகள் ஒதுக்கிக் கொடுத்த இடம் ஒரு கன மீட்டர். நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர் கொண்ட ஒட்டுப்பலகைப் பெட்டி. அது கப்பலில் நியூசிலாந்து போகும்; மேரி மகளோடு தங்கிவிட விமானத்தில் போவார். அதற்குள் எதை வைப்பது என்று முடிவு செய்ய 2025 நவம்பர் 3 முதல் 14 வரை பன்னிரண்டு நாட்கள் இருந்தன. பெட்டிக்குள் போகாத எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் துளசிராமன் டிசம்பர் 1 முதல் அந்த வீட்டை ஓர் ஒப்பந்தக்காரருக்கு விட்டிருந்தார். தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் பதினெட்டுப் பேர் அதில் தங்கப் போகிறார்கள்.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து மேற்கே எட்டு நிமிட நடையில் இருக்கும் அந்த வீட்டில் மேரி பதினேழு ஆண்டு நான்கு மாதம் வாடகைக்கு இருந்தார். அடுத்த வீடு எங்களுடையது. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் முப்பத்தோரு ஆண்டு ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அதனால் பெட்டிக்கான பட்டியலை எழுதித் தரும்படி மேரி என்னிடம் வந்தார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது.

மேரியின் பெற்றோர் கவரப்பேட்டைப் பக்கம் பிறர் நிலத்தில் நடவு நட்டவர்கள். மேரி வயலுக்குப் போகவில்லை. பத்தொன்பது வயதில் எவர்சில்வர் பாத்திரத் தொழிற்சாலையில் பாலீஷ் பிரிவில் சேர்ந்தார். இருபத்தாறு ஆண்டுகள் அந்த வேலை. விரல் நுனிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. ரேஷன் கடை மெஷினில் அவர் கைரேகை விழாது. விசாவுக்கு மூன்று முறை எடுத்தார்கள். கணவர் ஆசீர்வாதம் 2013இல் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தார். மகள் ஹெலன் செவிலியர் படிப்பு முடித்து 2019இல் நியூசிலாந்து போனாள். மகன் அந்தோணி அம்மாவோடு இருந்தான்.

2021 அக்டோபர் 19, செவ்வாய்க்கிழமை வரை இருந்தான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. தேர்வாய் கண்டிகையில் ஒப்பந்த வேலை. காலை 5.20க்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவன், 5.50க்கு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். திரும்பவில்லை. அதற்கு முன் சண்டை எதுவும் இல்லை. கடிதம் இல்லை. அவனுடைய போன் அன்று மதியத்தோடு நின்றது. போலீசில் புகார் கொடுத்தார். பிணவறைக்கு மூன்று முறை அழைத்துப் போனார்கள். ரயில்வே போலீஸ் எட்டுப் புகைப்படங்கள் காட்டியது. எதிலும் அவன் இல்லை. அவனுடைய சேஃப்டி ஷூ மட்டும், வாசல் ஜன்னலுக்குக் கீழே வெளியே உள்ள இரண்டு வரிசைச் செருப்புத் தட்டில், முந்தின நாள் வேலைக்குப் போய் வந்த சேற்றோடு இருந்தது.

“ஷூ இல்லாம கேட்டுக்குள்ளயே உடமாட்டாங்க. அப்டீன்னா அவன் வேலைக்குப் போவல. பக்கத்துல எங்கியோ போய்ட்டு வர்லாம்னுதான் போயிருக்கான். வந்துடுவான்.”

மேரி இதைப் போலீஸ் நிலையத்தில் சொன்னார். பங்குச் சாமியாரிடம் சொன்னார். எங்களிடம் நான்கு ஆண்டுகளாகச் சொன்னார். தினமும் காலையில் அந்தத் தட்டைத் துடைப்பார். சேறு உதிராமல் ஷூவைத் தூக்கி, அடியில் துடைத்து, அதே இடத்தில் வைப்பார்.

நவம்பர் 3 மாலை பட்டியலைத் தொடங்கினோம். நான் இஞ்சு டேப்பால் அளந்தேன். மேரி சொல்லச் சொல்ல எழுதினேன்.

“மொதல்ல தலாணி.”

“யாருது?”

“அந்தோணிது. அப்பால கேரம் போர்டு. ஜீன்ஸ் பேண்ட்டு ஆறு. ஹெல்மெட்டு. போர்வ.”

இருபத்தேழு பொருட்கள் ஆயின. அதில் இருபத்திரண்டு அந்தோணியுடையவை.

“மேரிம்மா, உங்களுது ஒண்ணும் வர்லியே?”

“எனக்கு இன்னாண்ணா? நாலு பொடவ, ஒரு பைபிளு. அத கையில எட்த்துக்குனு போறேன்.”

பட்டியலைப் படம் எடுத்து ஹெலனுக்கு அனுப்பினார். அவள் உடனே வீடியோவில் வந்தாள். மேரிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனில் பேசுவது எங்கள் வீடு வரை கேட்கும்.

“இன்னா மம்மி இது? மிக்ஸி கொண்டா, இட்லிப் பான கொண்டா, தையல் மிஷினு கொண்டான்னு சொன்னா, பேண்ட்டு ஆறு கட்டிக்குனு வர்றியா? இங்க யாரு போடறது அத?”

“அவன் வந்தா போட்டுப்பான்.”

“எங்க வந்தா? நியூசிலாந்துக்கா? கும்மிடிப்பூண்டிக்கே வர்ல!”

மேரி ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“நாலு வருஷம் ஆச்சி மம்மி. நானும் உம்பொண்ணுதான. ஒன்ன இட்டார்றதுக்கு எத்தினி பேப்பரு, எத்தினி அலைச்சலு. இந்த வாட்டி நீ வர்லன்னா திருப்பியும் என்னால முடியாது.”

அன்று இரவு மேரி சமைக்கவில்லை. மறுநாள் என் மனைவி ஈஸ்வரியிடம் வந்து உட்கார்ந்தார்.

“அவன் சாமானத்த அங்க அனுப்பிட்டா, அவன் வர்ற எடத்துல ஒண்ணும் இருக்காது. வந்து பாத்துட்டு, யாருமே இல்லன்னு திரும்பிப் போய்ட்டான்னா இன்னாக்கா பண்றது? அனுப்பாம உட்டா வைக்க எடமில்ல. எப்டி பண்ணாலும் நான் அவன வெளிய தள்ளிட்டுப் போற மாதிரியே கீது.”

எங்கள் வீட்டில் வைக்கலாம் என்றேன். “நீங்க ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் சரிண்ணா” என்றார். எனக்கு எழுபத்து நான்கு. ஈஸ்வரிக்கு எழுபது.

துளசிராமனிடம் போய்ப் பின்னறையில் ஓர் அலமாரி வைக்கும் இடம் கேட்டார்.

“அந்த ரூம்புல ஆறு பேரு படுக்கணும்மா. உம்புள்ள துணிய உள்ள வச்சிட்டு, அவனுங்கள எங்க, ஆணியில மாட்றதா?”

“அவன் வந்தா, அம்மா இந்த எடத்துல கீறாங்கன்னு சொல்றதுக்காவது...”

“அவனுங்களுக்குத் தமிழே வராது. நீ வோணா ஒடியா கத்துக்குனு போய் சொல்லிக் குடு.”

கப்பல் ஏஜென்சியிலிருந்து வெங்கடேசன் என்பவர் நவம்பர் 12 அன்று மாதவரத்திலிருந்து வந்து பொருட்களைப் பார்வையிட்டார். முதலில் தலையணையை அழுத்திப் பார்த்தார்.

“இலவம்பஞ்சாம்மா? உள்ள வெத இருக்கும். அந்த ஊர்ல வெத, எல, மண்ணு மூணும் ஆவாது. எட்த்துடுங்க.”

“அவன் தல வச்சதுங்க சார்.”

“அத எழுதுறதுக்கு ஃபாரத்துல எடம் கெடையாதும்மா.”

அடுத்து, அந்தோணி சிறுவயதில் முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையை உருவி வெளியே வைத்தார். பிறகு சேஃப்டி ஷூவைத் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பள்ளங்களில் சேறு காய்ந்து கல்லாக இருந்தது.

“இத பிரஷ் போட்டு சுத்தமா கழுவிடுங்க. துளி மண்ணு இருந்தாலும் பெட்டிய முழுசா பிரிச்சிடுவாங்க. உங்க பொண்ணுக்குத்தான் பேஜாரு.”

அவர் போன பிறகு மேரி ஷூவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தார். அப்போது மணி 11.10. பேசினில் தண்ணீர் பிடித்தார். பிரஷ்ஷை நனைத்தார். ஷூவை மடியில் வைத்துக்கொண்டார். 11.50க்கு எழுந்தபோது பேசின் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

“கையி வர்லண்ணா. அவன் கடைசியா மெதிச்சது இது.”

ஷூவைத் திரும்பவும் தட்டில் வைத்தார். “இது இங்கியே இருக்கட்டும். இத பாத்தா, ஊடு மாறலன்னு அவனுக்குத் தெரியும். நிப்பான். பக்கத்து ஊட்ல கேப்பான். நீங்க சொல்லிடுங்க.”

ஒரு ஜோடி ஷூவுக்குத் துளசிராமன் மறுப்புச் சொல்லவில்லை. பட்டியலில் ‘அனுப்புவது’, ‘கொடுத்துவிடுவது’ என்று இரண்டு பத்திகள் இருந்தன. மூன்றாவதாக ‘இங்கேயே விடுவது’ என்று ஒரு பத்தி போட்டேன். அதில் ஒரே வரி: சேஃப்டி ஷூ, கறுப்பு, சைஸ் 8, ஒரு ஜோடி.

அந்த வரியை எழுதிய பிறகு மேரிக்கு மூச்சு வந்தது. மிக்ஸி, இட்லிப் பானை, தையல் மிஷின் எல்லாம் பெட்டிக்குள் போயின. ஜீன்ஸ் ஆறும் கேரம் போர்டும் போயின. தலையணையை ‘கொடுத்துவிடுவது’ பத்தியில் எழுதச் சொன்னார். மொத்தம் 0.94 கன மீட்டர். நவம்பர் 14 அன்று பெட்டி லாரியில் ஏறியது.

விமானம் 27ஆம் தேதி வியாழன் இரவு. டிசம்பர் 1 அன்று வரவேண்டிய ஒடிசாக்காரர்கள் 24ஆம் தேதியே வந்துவிட்டார்கள். அவர்கள் இருந்த அறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டதாம். மேரி ஒரு சூட்கேசோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். 25, 26 இரண்டு நாளும் காலையில் போய்த் தட்டைத் துடைத்துவிட்டு வந்தார். ஷூ இருந்தது.

27ஆம் தேதி காலை 6.10க்குத் துணியோடு போனவர், “அண்ணா!” என்று போட்ட சத்தத்தில் நான் கண்ணாடி போடாமல் ஓடினேன்.

இரவெல்லாம் மழை. நனையாமல் இருக்கட்டும் என்று யாரோ எல்லா ஷூக்களையும் ஜன்னலோரமாக ஒதுக்கியிருந்தார்கள். தட்டிலும் தரையிலுமாகப் பதின்மூன்று ஜோடி. எல்லாம் கறுப்பு. எல்லாம் ஒரே மாதிரி. எல்லாவற்றிலும் சேறு.

பட்டியலை எடுத்து வந்தேன். சைஸ் 8 நான்கு ஜோடி இருந்தன. என் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளியின் ஷூவில் குதிகால் பக்கம் டோக்கன் நம்பரைச் சூடு போட்டுத்தான் கொடுப்போம். ஒப்பந்தக்காரர்களின் ஆட்களுக்கு எங்கேயும் நம்பர் கிடையாது. இது எனக்குத் தெரியும். மேரிக்கும் தெரியும். ஆனால் பட்டியலில் நிறமும் சைஸும் எழுதினேனே தவிர, ஒரு கீறலையோ ஒரு தையலையோ நான் குறித்து வைக்கவில்லை. மேரிக்கு அந்தச் சேறே அடையாளமாக இருந்தது. சாரலில் அதுவும் ஊறி மற்றச் சேற்றோடு ஒன்றாகிவிட்டது.

நான்கு ஜோடியையும் மேரி வரிசையாக வைத்துப் பார்த்தார். உள்ளே கைவிட்டுப் பார்த்தார். முகர்ந்தார். வரிசையை மாற்றி வைத்து மறுபடியும் பார்த்தார்.

தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். “கம்பெனி ஷூ, அம்மா. எல்லாம் சேம். ஆறு ஆளு மார்னிங் ஷிப்ட் போயாச்சு.”

“அந்த ஆறு பேர்ல ஒருத்தன் போட்டுக்குனு போயிருப்பானா?”

அவருக்கு அது புரியவில்லை.

மேரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஈஸ்வரி கொண்டுபோன இட்லி தட்டிலேயே காய்ந்தது. ஹெலனின் அழைப்பு ஐந்து முறை வந்தது, எடுக்கவில்லை. 2.50க்கு ஷிப்ட் பஸ் அந்த ஆறு பேரையும் இறக்கிவிட்டது. மேரி எழுந்து ஒவ்வொருவர் காலையும் குனிந்து பார்த்தார். அம்மா வயதுள்ளவர் தன் காலடியில் குனிந்ததும் ஒருவர் பதறிப்போய், தானும் குனிந்து மேரியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் ஷூ சைஸ் 8. தமிழ் தெரிந்தவர் ஏதோ சொன்னதும் அங்கேயே கழற்றி மேரி கையில் கொடுத்தார்.

“அண்ணா, இதுவா? தெனம் பாத்தீங்களே. நீங்க சொன்னா சரியா இருக்கும். இதுவா?”

“தெரியலம்மா” என்றேன்.

அவர் அந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்தார்.

நான்கு மணிக்குச் சொல்லியிருந்த கார் 4.05க்கு வந்தது. சூட்கேசை டிக்கியில் வைத்தோம். மேரி படியிலிருந்து எழவில்லை.

“நான் போவல. அவன்து ஒண்ணுகூட இங்க இல்லாம நான் எப்டி போவேன்?”

“ஏர்போர்ட்டு பக்கத்துலயா கீது மேரி? எழுந்திரும்மா” என்றாள் ஈஸ்வரி. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். 4.25க்கு என் போனில் ஹெலன் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டு மேரி காதருகே வைத்தேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“மம்மி, அவன் ஷூ தொலஞ்சதுக்கு என்ன உட்டுடுவியா?”

மேரி எழுந்தார். காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். பழுப்பு நிறம். இடது வார் அறுந்து சிவப்பு நூலில் தைத்தது.

“இது அந்தோணிக்குத் தெரியும்ணா. கூட்ரோட்ல அவன்தான் தெச்சிக்குனு வந்தான். பழுப்பு செருப்புக்கு செவப்பு நூலாடான்னு நான் கத்துனேன். ‘ஆயிரம் செருப்புக்கு நடுவுல உன்னுது தெரியும், போ’ன்னான்.”

தட்டின் மேல்வரிசையை முந்தானையால் துடைத்தார். செருப்பை நடுவில் வைத்தார். நின்றிருந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பி, “இத மட்டும் எடுக்காதீங்கப்பா” என்று தமிழிலேயே சொன்னார். பிறகு வெறுங்காலோடு சேற்றில் நடந்து போய்க் காரில் ஏறினார். அப்போது மணி 4.40.

பெட்டி ஜனவரி 30 அன்று போய்ச் சேர்ந்தது. எதுவும் உடையவில்லை என்று ஹெலன் சொன்னாள். மேரி என்னிடம் பெட்டியைப் பற்றி எதுவும் பேசியதில்லை. ஞாயிறுதோறும் நம் நேரம் காலை 8.30க்கு அழைப்பார். உடம்பு எப்படி, ஈஸ்வரிக்கா எப்படி என்பதெல்லாம் பிறகுதான்.

“இருக்குதாண்ணா?”

“இருக்குது மேரிம்மா.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”