மண்டு என்று பலகை வைத்தேன்

மாவுக்குள் பூரணம் வைத்து மூடும் தொழிலில் ஒரே விதிதான்: வாய் சரியாக மூடாவிட்டால் மானம் போய்விடும். வீட்டு அடுப்பை நம்பிக் கடை விரித்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்!

நான் அடிப்படையில் வெல்டர். வளைகுடாவில் கப்பல் கட்டும் தளத்தில் பதினோரு வருடம். பக்கத்து அறைக் கொரியாக்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வட்டமாக உட்கார்ந்து மண்டு பிடிப்பார்கள். அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை அது. மைதா வெளியே, கோஸும் இறைச்சியும் உள்ளே. நானும் கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். காண்ட்ராக்ட் முடிந்து தக்கலைக்கு வந்ததும் மனைவி ஸ்டெல்லாவிடம் ஆறு மாதம் தவணை கேட்டேன். அதற்குள் மண்டு ஓடினால் ஊர், ஓடாவிட்டால் மறுபடியும் விமானம். மகளுக்கு ஏழு வயது. அதில் நான் கூட இருந்தது ஏழு மாதம் தேறாது. என் பயமெல்லாம் அதுதான்.

பலகை

'இங்கே கொரியன் மண்டு கிடைக்கும்' என்று கேட்டில் எழுதி மாட்டினேன். கொரிய மொழியில் அந்தப் பலகாரத்துக்குப் பெயரே அதுதானே, அதை மாற்ற நான் யார்? பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதவனை வாத்தியார் எப்படிக் கூப்பிடுவார் என்பது எனக்கு ஞாபகம் வரவேயில்லை.

எதிர்வீட்டுத் தங்கராஜ் அண்ணன் பால் வாங்கப் போகிற வழியில் நின்று, பலகையை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மக்கா, அது உள்ள கிடக்கது எங்களுக்குத் தெரியாதாக்கும்? போர்டு வேற வைக்கணுமா?"

முதல் ஈடு

நறுக்கிய கோஸில் உப்புப் போட்டுப் பிழிய வேண்டும். பிழிந்தேன், ஆனால் போதவில்லை. மழைக்காலம் வேறு, மாவு கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் ஒன்றுகூட மூடிய வாயோடு இல்லை. அத்தனையும் பிளந்து, பூரணம் அடித்தண்ணீரில் மிதந்தது.

ஸ்டெல்லா திட்டவில்லை. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் வழித்துப்போட்டு, மிளகுத்தூள் தூவி, ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டாள். மகளுக்கும் ஊட்டினாள். அந்தக் கிண்ணத்துக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவன். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கேட்டாள்: "நீங்க வெல்டு வச்ச கப்பலெல்லாம் முங்காம கிடக்கா?"

தேங்காய்ப்பட்டணத்துக் கோழி

யாரோ சொல்லி நம்பர் வாங்கிக் கூப்பிட்ட ஆமினா அக்கா போனில் முதலில் கேட்டது, "பன்னி உண்டா?" இல்லை, கோழி மட்டும்தான் என்றேன். அந்தக் கோழியை யார் அறுத்தது என்பது அடுத்த கேள்வி. எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி, தங்கள் ஊர்க் கடையில் அறுத்த கோழியோடு அவரே வாசலில் வந்து நின்றார்.

அடுக்களையில் உட்கார்ந்து என்னோடு மாவும் திரட்டினார். ரமலானுக்குச் சமோசா மடக்கிப் பழகிய விரல்கள்; அவர் மடித்ததில் ஒன்றுகூடப் பிளக்கவில்லை. வாய் மூடுகிற வித்தை எனக்கு உருப்படியாகப் பிடிபட்டது அன்றைக்குத்தான். இன்றும் அவர் சொன்ன கடையில்தான் கோழி வாங்குகிறேன், அவர் தெருவில் பாதிப்பேர் என் வாடிக்கை. இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டபோது, ஆவி பறக்கிற ஒன்றைக் கையில் வைத்து ஊதிக்கொண்டே சொன்னார்: "மவன் கல்ஃப்ல கொரியாக்காரங்க கூட இதைத்தான் தின்னுவானாம். அது என்ன ருசின்னு எனக்குத் தெரியாண்டாமா?"

விசா

ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது டிராவல் ஏஜெண்ட் பைக்கில் வந்துவிட்டார். பழைய கம்பெனியே கூப்பிடுகிறது, பாஸ்போர்ட் வேண்டுமாம். எடுத்துக்கொடுக்கலாம் என்றால் முழங்கை வரை மாவு. வேதக்கோயில் பெண்கள் கூட்டத்துக்கு அன்று நாலு மணிக்குக் கொடுத்தாக வேண்டும். கேட்டில் இரண்டு பேர் தூக்குவாளியோடு நிற்கிறார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து மண்டு ஓரத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் விரல் நின்றுவிட்டது.

காத்திருக்கட்டும் என்று ஸ்டெல்லா ஏஜெண்டுக்கு ஒரு தட்டில் ஆறு மண்டு வைத்தாள். ஆறையும் தின்றுவிட்டு, கேட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அண்ணே, உங்கள நான் ஏத்தி விட்டா, இனி எனக்கு இதை யாரு அவிச்சுத் தருவா? பேசாம இங்கயே கிடங்க."

ஊரோடு இருப்பதில் எனக்குள்ள ஒரே கஷ்டம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மகள் என் மடியில் தூங்கிவிடுவதால், எவ்வளவு நீண்ட பிரசங்கமானாலும் நடுவில் எழுந்து வெளியே போக வழியில்லை.