நாற்பது நேர்கோடுகள்

பந்தய ஓடுதளத்தில் அவருக்குக் காதண்ணன் என்று பெயர். அடையாள அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாயிற்காவலரே, "யாரு, அப்படி ஒருத்தர் இங்க இருக்காரா?" என்று கேட்பார். இருபத்து நான்கு வருடம் மூன்றாம் வளைவின் தடுப்புச் சுவருக்குப் பின்னால், ஓடுகிற வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, காதால் கேட்டே தீர்ப்பு எழுதிய மனிதர்.

அவருடைய வேலையை வெளியாருக்குப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகள் அவை. அந்த வண்டிகளுக்கான உச்சத் தொடர் ஒன்று உண்டு. கீழ்மட்டப் போட்டிகளில் எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் புதுமுகங்களை நேராக அதில் இறக்கிவிட மாட்டார்கள். ஒரு வண்டியின் முன்சக்கரம் இன்னொன்றின் பின்சக்கரத்தில் ஏறினால் வண்டி பறந்துவிடும். அதனால் முதலில் தேர்வு. புதுமுகம் தனியாக வந்து, பழகிக்கொள்ளப் பத்துச் சுற்றும், அதன்பின் முழு வேகத்தில் நாற்பது சுற்றும் ஓட்ட வேண்டும். கோபுரத்தில் ஒருவர் நின்று, கொடி காட்டினால் வேகத்தைக் குறைக்கிறார்களா என்று பார்ப்பார். சக்கரம் மாற்ற வண்டி உள்ளே திரும்பும் பாதையில் இன்னொருவர். மூன்றாவது ஆள் காதண்ணன். மூன்று கையெழுத்தும் விழுந்தால்தான் உரிமம்.

மூன்றாம் வளைவு நீண்ட இடது வளைவு. தன் மேலும் வண்டியின் மேலும் நம்பிக்கை உள்ளவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே அதைக் கடந்துவிடுவார். நம்பிக்கை குறைந்தவர் நடுவில் ஒரு இமைப்பொழுது காலைத் தளர்த்தி, மறுபடி அழுத்துவார். கடிகாரத்தில் அது தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. இயந்திரத்தின் கத்தலில் மட்டும், அதன் கூர்மையான உச்சியில், ஒரு சின்னத் தடுக்கல் விழும். காதண்ணன் அதை விக்கல் என்பார். அணிகளின் கணினியில் காலின் ஒவ்வொரு அசைவும் பதிவாகும்தான். ஆனால் வண்டியின் ரகசியம் வெளியே போய்விடும் என்று எந்த அணியும் அதை உரிமம் தரும் வாரியத்துக்குக் காட்டாது. ஆகவே வாரியத்துக்கு அவருடைய காதுதான் கணினி.

விக்காத சுற்றுக்கு ஒரு நேர்கோடு. விக்கிய சுற்றுக்கு நடுவில் உடைந்த கோடு. உடைந்த கோடு ஆறைத் தாண்டினால் கையெழுத்துக் கிடையாது, ஆறு மாதம் கழித்து வர வேண்டும். அழுதவர்கள் உண்டு. ஒரு தகப்பன் அவருடைய தாளைப் பிடுங்கிக் கிழித்ததும் உண்டு.

"பயப்படுறது தப்பில்லப்பா," என்பார். "ஆனா நீ நடு வளைவுல காலை எடுக்கிறது பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது. அவன் உன் முதுகுல ஏறிடுவான்."

அத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் காதடைப்பான் போட்டதில்லை. கொடி அசைப்பவர், தீயணைப்பவர், தண்ணீர் கொண்டுவருகிறவர் எல்லோர் காதிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று செருகியிருக்கும். ஓடுதள மருத்துவர் வருடா வருடம் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கையில் திணிப்பார்.

"அடைச்சுட்டா விக்கல் கேக்காதே டாக்டர்."

"அடைக்காட்டியும் ஒருநாள் கேக்காது சார்."

இருவரும் சிரிப்பார்கள். பொட்டலம் வீட்டு மேசை இழுப்பறைக்குப் போகும்.

முதலில் கண்டுகொண்டது அவர் மனைவிதான். துணிக்கடை ஒன்றில் அளவு பார்த்துப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவர். ஒரு நூல் விலகியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் கீக் கீக் என்று நாலு தடவை கூப்பிடும். அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் காதண்ணன் அசையமாட்டார். அப்புறம் காய்ச்சல் பார்க்கும் கருவியின் கீக். அப்புறம் தொலைபேசியில் மகளின் குரல். மகள் பேசும்போது மனைவியின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் சிரித்த பிறகு தானும் சிரிக்க ஆரம்பித்தார். "லைன் சரியில்ல," என்பார். மனைவி, மகள் சொன்னதையெல்லாம் யதேச்சையாகச் சொல்வது போலத் திரும்பச் சொல்லப் பழகிக்கொண்டார்.

ஒருமுறை பேச்சோடு பேச்சாக, "காதைக் கொஞ்சம் காட்டிட்டு வரலாமே," என்று கேட்டுப் பார்த்தார்.

"எதுக்கு? காது போச்சுன்னா பேரை மாத்தணும். மூக்கண்ணன்னு வெச்சுக்கட்டுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தவர், அதன்பின் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

அதே காலத்தில் மூன்றாம் வளைவில் உடைந்த கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. "என்ன அண்ணே, மனசு இளகிப்போச்சா? வர்றவங்களெல்லாம் பாஸ் ஆயிடுறாங்க," என்று கொடி அசைப்பவர் சீண்டினார்.

"இளகவும் இல்ல, உருகவும் இல்ல. இப்ப வர்ற பிள்ளைங்க வீட்லயே கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பழகிட்டு வருதுங்க. நல்லா ஓட்டினா நல்லா ஓட்டுறாங்கன்னுதானே எழுதணும்?"

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

சிட்டு தேர்வுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். இருபத்தொரு வயதுப் பெண். ஆள் சின்ன உருவம் என்பதால் அணியில் வைத்த பெயர். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளுடைய அம்மா அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நான் நாப்பதுக்கு மேல போனதே இல்ல சார்," என்றார் காதண்ணனிடம். "இது என் வயித்துல பொறந்ததுதானான்னு எனக்கே அப்பப்ப சந்தேகம் வந்துரும்." பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். காதண்ணன் அவர் உதட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி வைத்தார்.

வண்டி ஓடியது. அவர் முதுகைக் காட்டி நின்றார். அன்று சத்தம் கிழிசல் இல்லாத துணி போல நீளமாக, ஒரே சீராக வந்து போனது. நாற்பது முடிந்ததும் தாளில் நாற்பது நேர்கோடுகள் இருந்தன. இருபத்து நான்கு வருடத்தில் ஒருவரும் வாங்காத தாள். கையெழுத்துப் போட்டார். மறக்காமல் இருக்க ஒரு நகலும் எடுத்துக்கொண்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அதை மனைவியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாரு. ஒரு விக்கல் இல்ல."

மனைவி பார்த்தார். நேர்த்தியான தையல் போலிருந்தது. அன்று காலையில்தான் துவைக்கும் இயந்திரம் கத்திக் கத்தித் தானாகவே ஓய்ந்திருந்தது.

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட."

"நல்லா... கேட்டுச்சா?"

"கேக்காம?" என்று நிமிர்ந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மனைவி தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். சொல்ல வந்தது தண்ணீர்ச் சத்தத்தோடு போயிற்று.

சிட்டுவின் ஐந்தாவது பந்தயத்தில் அது நடந்தது. வேறொரு ஓடுதளம், அதே போல நீளமான வளைவு. தொலைக்காட்சியில் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிட்டுவின் வண்டி காரணமே இல்லாதது போல ஒரு கணம் தயங்கியது. பின்னால் வந்தவனின் முன்சக்கரம் அதன் பின்சக்கரத்தில் ஏறியது. அவனுக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று. அவளுடைய வண்டியின் மூக்கு சுவருக்குள் போய்விட்டது. இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இனி ஓட்ட முடியாது என்றும் சொன்னார்கள்.

விசாரணை என்று வந்த பிறகு சிட்டுவின் அணி தன் கணினியின் பூட்டைத் திறந்தது. தேர்வு நாளின் வரைபடத்தையும் சேர்த்தே கொடுத்தது. மூன்றாம் வளைவில், நாற்பதில் இருபத்தேழு சுற்றில் அவள் காலை எடுத்திருந்தாள்.

வாரியத்தின் செயலாளர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், ஒரு பை ஆப்பிளும் வாங்கி வந்திருந்தார். "நீங்க மனசுல போட்டுக்காதீங்க சார். மூணு கையெழுத்துல உங்களுதும் ஒண்ணு, அவ்வளவுதானே. அந்தத் தாள் ஃபைலுக்குள்ள போயிடும். வர்ற வருஷம் ஒரு சால்வையைப் போட்டு உங்களை கௌரவமா அனுப்பி வெச்சிடுறோம்."

அடுத்த வாரம் மனைவி அவரைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். இந்தத் தடவை மறுபேச்சு இல்லை. கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார்கள். கனமான சத்தங்களுக்கு உடனே உடனே அழுத்தினார். பிறகு நிறுத்திவிட்டார். பரிசோதிக்கும் பெண் குமிழைத் திருப்பிக்கொண்டே போனாள். உள்ளே அவர் கட்டைவிரலைப் பொத்தான் மேல் தயாராக வைத்து, கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார். மனைவியால் அதைப் பார்க்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தவரிடம் அந்தப் பெண் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "கூர்மையான சத்தமெல்லாம் கேக்காம எவ்வளவு நாளாச்சு?"

அவர் யோசிப்பதற்குள், "ரெண்டு வருஷம்," என்றார் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். ஆறு நிறுத்தம் கழித்து, "உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்," என்றார் மனைவி. அவருக்குப் புரியவேண்டுமே என்று முகத்தைத் திருப்பி, உதட்டை நன்றாக அசைத்து, இன்னொரு தடவையும் சொன்னார்.

மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொன்னது காதண்ணன்தான். சிட்டுவின் இரண்டு காலிலும் கம்பி வளையங்கள் மாட்டியிருந்தன. அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். காதண்ணன் வரும் வழியெல்லாம் தயார் பண்ணிய வார்த்தைகளில் பாதியைச் சொன்னார். மறைக்காமல் காதைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

சிட்டு பேச ஆரம்பித்ததும் அவருக்காக மனைவி கட்டில் பக்கம் நெருங்கி நின்றார்.

"காலை எடுக்கிறேன்னு எனக்கே தெரியும் சார். அன்னிக்கு வண்டியை விட்டு இறங்கும்போதே அம்மாகிட்ட சொன்னேன், காதண்ணன்கிட்ட மாட்டிக்கிட்டேம்மா, ஆறு மாசம் போச்சுன்னு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. அவரே போட்டுட்டாருன்னா அது விக்கல் இல்ல போல, நான்தான் வீணா பயப்படுறேன் போலன்னு நெனச்சுட்டேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி யோசிக்கவே இல்ல."

மனைவி ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னார். எங்கேயும் மென்மையாக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காதண்ணன் பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் பரப்பினார். இரண்டு வருடத்தில் அவர் கையெழுத்தில் உள்ளே போனவர்கள் சிட்டுவைச் சேர்க்காமல் பத்துப் பேர். எட்டுப் பேர் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் மறுபடி தேர்வுக்கு அழைக்க வேண்டும், கணினி வரைபடத்தைக் கட்டாயம் காட்டச் சொல்ல வேண்டும், தன் தாள் ஒன்றுகூடச் செல்லாது என்று வாரியத்துக்கு எழுதினார். கடிதம் அனுப்பப் போவதைக் கேள்விப்பட்டதும் செயலாளர் அலறியடித்துக்கொண்டு பேசினார். தொலைபேசியை எடுத்தது மனைவி.

"அவர்கிட்ட சொல்லுங்கம்மா. இருபத்தி நாலு வருஷப் பேரு. பேப்பர்காரன் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவான். எட்டுப் பிள்ளைங்களும் சாபம் விடும்."

மனைவி தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சொன்னார். "விடட்டும்," என்றார் காதண்ணன்.

கடிதத்தை உறையில் போடும்போது மனைவி, "என்னையும் எழுதுங்க. தெரிஞ்சும் சொல்லலைன்னு," என்றார்.

"நீ தாள்ல கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல."

"அப்ப இரு," என்று ஒட்டிவிட்டார்.

செயலாளர் சொன்னதுதான் நடந்தது. செய்தித்தாளில் 'செவிடர் கொடுத்த உரிமம்' என்று போட்டார்கள். எட்டுப் பேரில் ஒருவனுடைய அண்ணன் அழைத்து நாலு நிமிடம் திட்டினான். அந்தத் திட்டை மட்டும் மனைவி திருப்பிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுதேர்வு மூன்று நாள் நடந்தது. அவர் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் பிற்பகல் கொடி அசைப்பவர் அழைத்தார். மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார். காதண்ணன் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு பேர் பாஸாம்," என்றார் மனைவி, தொலைபேசியை வைத்துவிட்டு.

"மூணு பேரு?"

"உரிமத்தை வாங்கிட்டாங்களாம்."

"காலை எடுத்தாங்களாமா?"

"எடுத்தாங்களாம். ஒருத்தன் முப்பது சுத்துக்கு மேல."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். சன்னலுக்கு வெளியே யாரோ மாடிப்படியில் ஏறிப் போனார்கள். மனைவி துணியை மறுபடி எடுத்து, விட்ட இடத்தைத் தேடினார்.

"அப்ப சிட்டுவோட நாலு பேரு," என்றார் காதண்ணன்.