துவைக்காத துண்டு

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளின் மடியில் ஒரு கட்டுச் சுருட்டு இருந்தது. முன்சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கொட்டாவி வந்தது.

வெள்ளைக்காரன் காலம். அப்போது எனக்கு நாலு வயது. உறையூரில் சுருட்டு சுற்றப் போகும் அம்மா, ஏழைப் பிள்ளைகளுக்காக மாதா கோயில் பக்கத்தில் நடந்த இலவசப் பாலர் பள்ளியில் என்னை விட்டுப் போவாள். போனதும் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, வெளுத்த கவுன் மாட்டுவார்கள். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு எல்லோரும் தூங்குவார்கள். நான் அழுது அவர்களையும் எழுப்பிவிடுவேன். அம்மாவின் புகையிலை வாசம் சோப்போடு போய்விட்டது என்று சொல்லத் தெரியாத வயது.

பத்தாம் நாள் அம்மா பயந்துபோய்க் கேட்டாள்: "இவளை நிப்பாட்டிடுவீங்களா டீச்சரம்மா? பிள்ளையோட வந்தா வேலை இல்லைங்கிறாங்க."

எதையும் துவைக்காமல் தொடாத ஸ்டெல்லா டீச்சர் அம்மாவின் முந்தானையைப் பார்த்தார்.

"வேலைக்குக் கட்டுற சேலையில ஒரு துண்டு கிழிச்சுக் கொண்டாங்க. துவைச்சிடாதீங்க."

மறுநாள் அந்தத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினேன். டீச்சர் தும்மிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

கண்டக்டர் எழுப்பியபோது பஸ் ஸ்ரீரங்கத்தில் நின்றது. அதற்கு முன்பே மாம்பழச் சாலையில் இறங்க வேண்டியவள் நான். என் தலை அந்த அம்மாளின் தோளில் இருந்தது.