வீட்டு எண் ‘தியாடா’

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். ஒரு மருந்துக் கம்பெனியின் பார்சல்கள் எங்கே, எப்படிப் போக வேண்டும் என்று கணினிக்கு விதி எழுதுவது அவள் வேலை. பாலோ பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கச்சிக்கும் இன்சுலின் அந்தக் கம்பெனி வேனில்தான் போகும். அங்கே தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு எண் கிடையாது. அதனால், ‘வீட்டு எண் காலியாக இருந்தால் தோட்ட ஆபீசில் கொடு’ என்று மகள் ஒரு விதி போட்டிருந்தாள்.

அன்று காலை தங்கச்சி போன் செய்தாள்.

“அக்கா, வேன் வந்துச்சு, சுத்திச்சு, திரும்பிப் போயிருச்சு. மருந்து நேத்தே முடிஞ்சிருச்சு. தலை கிர்ருங்குது.”

மகள் வேலையில் இருக்கும்போது அறைக்குள் போகத் தயக்கம். கதவோரம் நின்றேன்.

“என்னம்மா, பூனை மாதிரி நிக்கிறீங்க?”

சொன்னேன். திரையில் தேடினாள்.

“அலமாக்! சித்தி மருமக வீட்டு எண்ல ‘தியாடா’ன்னு எழுதியிருக்காம்மா.”

மலாய் மொழியில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். எந்த விண்ணப்பப் பாரத்திலும் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று பள்ளியிலேயே பழக்கிவிட்டார்கள். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் எழுதுவோம்.

“இல்லைன்னுதானே எழுதியிருக்கா?”

“நமக்குத்தான் அது இல்லைன்னு அர்த்தம். கணினிக்கு அதுவும் ஒரு வீட்டு எண்ணுதான். காலியான்னு மட்டும் நான் கேட்டேன், காலியா இல்லைன்னு சொல்லிருச்சு. டிரைவர் தியாடா வீட்டைத் தேடியிருப்பாரு லா.”

உடனே டிரைவரைக் கூப்பிட்டாள். அவர் குளுவாங் தாண்டியிருந்தார். பெட்டியில் ஐஸ் இன்னும் இருக்கிறது, திரும்புகிறேன் என்றார். தங்கச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. ‘தியாடா’ என்றிருந்தாலும் ஆபீசில் கொடு என்று மகள் விதியைத் திருத்தினாள். அவசரத்தில் தப்பாக மாற்றினால் மற்ற ஊர்ப் பார்சல்களும் வழி மாறிவிடும் என்று அவள் சொன்னதும் என் பயம் இரண்டானது.

ஒருவழியாகத் தங்கச்சியே கூப்பிட்டாள். “வேன் வந்துருச்சு, ஆபீசுல மருந்து வாங்கி ஊசி போட்டுக்கிட்டேன்க்கா. மருமகள ஒண்ணும் சொல்லிராதீங்க, அழுதுக்கிட்டு இருக்கா.”

ஆனாலும் என் மனம் அடங்கவில்லை. லாபிஸ் தோட்டங்களில் அந்தக் கட்டத்தில் வெறும் கோடு போட்டு வைத்தவர்கள் இருப்பார்களே? அதையும் சேர்த்துவிட்டதாக மகள் சொல்கிறாள். நடுவில் ‘அல்லது’ போட்டாளா, ‘மேலும்’ போட்டாளா, எனக்கு நினைவில்லை. ‘மேலும்’ என்றால் ஒரே கட்டம் காலியாகவும் தியாடாவாகவும் கோடாகவும் இருந்தால்தான் பார்சல் ஆபீசுக்குப் போகுமாம். தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.