தண்ணீர் பாட்டிலில் இருந்த ஆயில்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. எந்த மிஷினில் பிரஷர் இறங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. சொந்தக்காரர் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் கூப்பிடாமலே போய் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவேன்.

மண்ணூரில் இருக்கும் என் தங்கையின் கணவர் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார். பக்கத்துப் பட்டறையில் செய்யும் பாகங்களை எங்கள் கம்பெனிக்குக் கொண்டுவந்து இறக்குவதுதான் அவருடைய பிழைப்பு. லோடு நேரத்துக்கு வராவிட்டால் எங்கள் உற்பத்தி லைன் நின்றுவிடும். அதனால் வண்டி ஓடினால்தான் அவருக்குச் சோறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். "மச்சான், க்ளட்ச்ச மிதிச்சா அப்டியே உள்ள போய் ஒக்காந்துக்குது, கியர் வுழமாட்டேங்குது. மெக்கானிக்காண்ட வுட்டுடட்டா?"

"அதுக்கு இன்னாத்துக்கு மெக்கானிக்கு? நான் இல்ல?" என்றேன். "எங்கண்ணன் பாக்காத மிஷினா?" என்று தங்கை பின்னாலிருந்து சொன்னது போனில் கேட்டது. எனக்கு அது போதாதா!

அந்த வண்டியில் க்ளட்ச்சுக்குக் கேபிள் கிடையாது. பிரேக் மாதிரி ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும். பானெட்டைத் திறந்தால் ஆயில் டப்பாவில் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. எங்கே கசிகிறது என்று நான் தேடியிருக்க வேண்டும். கடை திறக்கும்வரை பொறுத்திருந்து பிரேக் ஆயில் வாங்கி ஊற்றியிருக்க வேண்டும். என் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலில் பிரஸ் மிஷினுக்கு ஊற்றும் ஆயில் இருந்தது. வீட்டு இரும்பு கேட்டின் கீலுக்கு விடலாம் என்று கம்பெனியில் யாரையும் கேட்காமல் எடுத்து வந்தது. அத்தனை டன்னைத் தூக்குகிற ஆயிலுக்கு இந்த க்ளட்ச் எம்மாத்திரம் என்று நினைத்து அதையே ஊற்றினேன். மாப்பிள்ளை பெடலை மிதிக்க, நான் அடியில் படுத்து குழாயிலிருந்த காற்றை எடுத்தேன். கியர் சட்டென்று விழுந்தது. தங்கை மீன் குழம்பு வைத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை லோடோடு வரும்போது க்ளட்ச் செத்துப்போனது. அதன் பின்னாலேயே பிரேக்கும். எதிரே ஒரு கம்பெனி பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வண்டியை ஒடித்துச் சாலையோரக் கால்வாயில் இறக்கிவிட்டார். நெற்றியில் ஐந்து தையல். பாகங்கள் மொத்தமும் சேற்றில். அன்று எங்கள் லைன் நின்றது.

நான் பர்மிஷன் போட்டுவிட்டு மெக்கானிக் ஷெட்டுக்கு ஓடினேன். நெற்றியில் கட்டோடு மாப்பிள்ளையும், பாகங்களைச் செய்து அனுப்பும் பட்டறையின் சூப்பர்வைசரும் அங்கே நின்றிருந்தார்கள். மெக்கானிக் டப்பாவில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார்.

"இதுல எவன்யா மிஷின் ஆயில ஊத்தனது? ரப்பரு பூரா ஊதிப்போய் கீது பாரு. க்ளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. ரெண்டும் காலி."

நான் என்று சொன்னால் ஆயில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். சூப்பர்வைசர் தினமும் எங்கள் கம்பெனிக்கு வந்து போகிறவர். கம்பெனிப் பொருளை எடுத்தவனை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். மகள்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தாண்ணே ஊத்தினேன். தெரியாம ஊத்திட்டேன்" என்றார்.

நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

சூப்பர்வைசர் அங்கேயே வேறு வண்டிக்குப் போன் போட்டார். கண்டதை ஊற்றி வண்டி ஓட்டுகிறவன் என்று பேர் பரவிவிட்டது. அப்புறம் யாரும் அவருக்கு லோடு கொடுக்கவில்லை. வண்டி எடைக்குப் போனது. சொந்த வண்டி ஓட்டியவர் இப்போது இருங்காட்டுக்கோட்டையில் காண்ட்ராக்ட் ஆளாக எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பெட்டி அடுக்குகிறார்.

ஒரு நாள் தனியாகப் பார்த்து அழுதேன். "வுடுங்க மச்சான். ரெண்டு பேரும் வூட்ல ஒக்காந்தா யாரு சோறு போடறது?" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பேசவே இல்லை.

தங்கைக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. நான் சரி செய்துவிட்டுப் போன பிறகு அவராக எதையோ ஊற்றிக் கெடுத்துவிட்டார் என்றுதான் நம்புகிறாள். போன வாரம்கூட நான் போயிருந்தபோது அவரைத் திட்டினாள். "எங்கண்ணனாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ஊத்தியிருந்தா நமக்கு இந்தக் கதி வருமா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார், நான் அவள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும், இரண்டு வருடமாக அந்த வீட்டு வாசல்வரை அதைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறேன்.