பாய்லர் பக்கத்து அறை

ஐசலின் என்ற ஊரில் என் மகன் வாங்கியது பழைய வீடு. பேஸ்மென்ட்டில் ஒரு பெரிய இரும்பு பாய்லர் இருந்தது. அதில் கொதிக்கிற நீராவி குழாய் வழியாக மேலே ஏறி, அறைக்கு அறை இருக்கும் ரேடியேட்டர்களைச் சூடாக்கும். அந்த பாய்லருக்கும் என் கட்டிலுக்கும் நடுவே ஒரு அட்டைச் சுவர்தான். மேலே நான்கு அறைகள். மகனுக்கும் மருமகளுக்கும் ஒன்று, பேத்திகள் இருவருக்கும் ஆளுக்கொன்று, மருமகள் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்க ஒன்று. எனக்கு ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

போன குளிர்காலத்தில் பாய்லரில் தண்ணீர் நிற்காமல் போயிற்று. மகன் காலையில் வந்து தண்ணீர் ஏற்றிவிட்டுப் போவான், சாயங்காலத்துக்குள் கண்ணாடிக் குழாயில் மட்டம் இறங்கியிருக்கும். எனக்கு மார்கழி முழுக்கத் தலைவலி. வயசுக்கு வருவதுதான் என்று தைலம் தடவிக்கொண்டு படுத்தேன்.

மகனின் ஆபீஸில் யாரோ சொல்லி ஒரு காண்ட்ராக்டர் வந்தார். கீழக்கரைப் பக்கத்து பாய், அந்த ஊரில் பல வருஷமாக இதே தொழில். தமிழ் ஆள் என்று தெரிந்ததும் நான் கட்டிலை விட்டு எழுந்து இரும்புத் தூண் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

டார்ச் அடித்துப் பார்த்தார். “ஓட்டை விழுந்துடுச்சு தம்பி. நீங்க ஊத்துற தண்ணி பூரா ஆவியா சிம்னி வழியா வெளிய போவுது. தெருவுக்கே ஹீட்டிங் குடுத்துட்டு இருக்கீங்க.”

மகன் சிரித்தான். “ரிப்பேர் பண்ண முடியாதா பாய்?”

“பண்ணித் தர்றேன்னு எவனாச்சும் வந்தா வீட்டுக்குள்ள விடாதீங்க.”

பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து பாய்லர் மேலே பிடித்தார். அது வீலென்று கத்தியது. உடனே சுவிட்சை அணைத்தார். சிம்னிக்குள் செங்கல் விழுந்து அடைத்திருக்கிறதாம். வெளியே போக வேண்டிய விஷப் புகையில் பாதி உள்ளேயே சுற்றுகிறதாம்.

“இதுக்குன்னு அலாரம் ஒண்ணு இருக்கணுமே, எங்க?”

“கீழ ஒரு அடுப்பு வச்சிருக்கோம் பாய். மிளகா வதக்கும்போதெல்லாம் கத்துச்சு. கழட்டிட்டோம்.”

அவர் அட்டைச் சுவரைத் தாண்டி எட்டி என் கட்டிலைப் பார்த்தார். “இங்க யாரு படுக்குறது?”

“யாருமில்ல. அம்மா பகல்ல சும்மா வந்து சாய்வாங்க.”

கட்டிலருகே ஸ்டூலில் டம்ளருக்குள் என் பல்செட் கிடந்தது. “சும்மா சாய வர்றவங்க பல்லையுமா கழட்டி வச்சிட்டுப் போவாங்க?” என்றார். நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

“தலை வலிக்குதாம்மா?”

மகன் முகத்தைப் பார்த்தேன். “இல்லீங்க,” என்றேன்.

புது பாய்லர் எவ்வளவு பெரியது வேண்டும் என்று தெரிய, மேலே போய் ரேடியேட்டர்களை எல்லாம் அளந்துகொண்டு வந்தார். டவுனில் பெர்மிட் வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார் என்றார்.

“பெர்மிட் இல்லாம பண்ண முடியாதா அங்கிள்?” என்று மருமகள் கேட்டாள்.

“பண்றவன் பண்ணுவான்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல அதத்தான் கேப்பான். தீப்பிடிச்சா இந்த ஜன்னல்ல ஒரு பூன வெளிய போவ முடியுமா? இத பெட்ரூம்னு பாத்தா இன்ஸ்பெக்டர் விடமாட்டாரு. அம்மாவ மேல படுக்க வைங்க. அதான் நாலு ரூம் இருக்கே, அளக்கும்போது பாத்தேன்.”



புது பாய்லர் வந்து இறங்கும் வரை வீட்டில் சூடு கிடையாது. ஹாலில் மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு எல்லோரும் வரிசையாகப் படுத்தோம். சின்னப் பேத்தி ஜில்லென்ற பாதங்களை என் வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்கினாள். மூச்சு விடும் சத்தங்களுக்கு நடுவில் படுத்து எத்தனையோ காலமாகியிருந்தது. இனி என்னைக் கீழே அனுப்ப மாட்டார்கள், எப்படியும் மேலே ஒரு மூலை கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

புது பாய்லரை மாட்டி, சிம்னியையும் சரிசெய்தார் பாய். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் மகன் என் கட்டிலின் ஆணிகளைக் கழற்றினான். சாமி படங்களும் புடவைகளும் கறுப்புக் குப்பைப் பைகளில் கராஜுக்குப் போயின. அந்த இடத்தில் மருமகள் இஸ்திரி மேஜையையும் பழைய சூட்கேஸ்களையும் வைத்தாள். அங்கே ஒருத்தி இருந்தாள் என்று நானே சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

“அத்தை, அவர் வர்றப்ப நீங்க கிச்சன்லயே இருங்க. ஏதாவது கேட்டா சிரிங்க, போதும்.”

இன்ஸ்பெக்டர் வந்தார். என்னவோ கேட்டார். சிரித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே ஹாலில் இருந்த படுக்கைகளைச் சுருட்டினார்கள். பேத்திகள் தங்கள் அறைகளுக்குப் போனார்கள். என் கட்டிலை எங்கே போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அம்மா, கீழ இனிமே முடியாது. பாய் சொன்னதக் கேட்டல்ல? தங்கச்சிகிட்ட பேசிட்டேன். மாப்பிள்ளையும் பாதி நாள் ஊர்ல இருக்கறதில்ல. கொஞ்ச நாள் அவ ஊர்ல, இர்விங்ல இருந்துட்டு வாயேன்.”

“மேல…” என்று ஆரம்பித்தேன்.

“மேல எங்கம்மா இடம்? அவ மீட்டிங் எல்லாம் அந்த ரூம்லதான்.”

சமையலறையில் மருமகள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. கொஞ்சம் கழித்துக் குழாயில் மறுபடி தண்ணீர் விழுந்தது. நான் எழுந்து கராஜுக்குப் போய்ப் பைகளைப் பிரித்தேன். ஒரு பெட்டியில் அடங்குகிற அளவுதான் இருந்தது.

இர்விங்கில் மகளுக்கு ஒரே படுக்கையறை கொண்ட அபார்ட்மென்ட். ஹாலில் விரித்தால் கட்டிலாகிற சோபா எனக்கு. மகள் ஒன்றும் சொல்வதில்லை. மாப்பிள்ளை வருகிற வாரங்களில் மட்டும் சோபாவை விடிவதற்குள் மடித்து வைத்துவிடுவேன்.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுகிறான். போன வாரம் சொன்னான், “பேஸ்மென்ட் இப்ப சூப்பரா இருக்கும்மா. பெயின்ட் அடிச்சு, பிள்ளைங்களுக்கு டேபிள் டென்னிஸ் போட்டுக் குடுத்துட்டேன். பழைய நாத்தமே இல்ல.”

“நல்லதுப்பா,” என்றேன். அடுத்ததைக் கேட்க எனக்குப் பல வாரங்கள் பிடித்திருந்தன. “நான் எப்பப்பா வரட்டும்?”

“பாக்கலாம்மா. சம்மர் லீவு வரட்டும்,” என்றான்.

இங்கே சம்மர் லீவு முடிந்து இப்போதுதான் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார்கள்.